நெம்மேலியில் உயிர், செங்கல்பட்டில் மெய்

சின்னையனும் செல்லம்மாளும் துரும்பு முறித்துக்கொண்ட நாளிலிருந்து அவர்களுடைய மகள் பாப்பாவின் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் நெம்மேலியிலும், மெய்யெழுத்துகள் பதினெட்டும் செங்கல்பட்டிலும் வசிக்கத் தொடங்கின. இது 1950-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், கொளவாய் ஏரி நிரம்பி வழிந்து கோடி போன வாரத்தில் நடந்தது. பாப்பாவுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய இரண்டு பக்கத்து ஜனங்களிலும் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை என்பதால், ஒரு பெண்ணுக்கு எழுத்துகள் இப்படி இரண்டு ஊரில் இருப்பது வழக்கமா இல்லையா என்று சொல்லவும் ஆள் இல்லை.

சின்னையன் நெம்மேலிக் கடலோரத்துச் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டுபவன். வெட்டிய கட்டைகளைக் கால்வாயில் படகேற்றிச் சென்னைக்கு அனுப்புவார்கள். செல்லம்மா செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பிறந்தவள். எதற்காகச் சண்டை என்று கேட்டால் இருவரும் வேறு வேறு வருஷத்தைச் சொன்னார்கள். அடி கிடையாது, குடி கிடையாது. ஒருவர் பேச ஆரம்பித்தால் மற்றவருக்குக் காது அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தீர்த்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். அந்த ஜனங்களுக்கு இதற்குக் கோர்ட்டு வேண்டியதில்லை. ஒரு வைக்கோல் துரும்பை ஆளுக்கொரு முனை பிடித்து முறித்தால் போதும். அதன்பின் இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனால் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கக் கூடாது, ஒருவர் நிழலில் ஒருவர் நிற்கக் கூடாது.

இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது என்பதற்காகத் திருக்கழுக்குன்றத்தில், சங்குத் தீர்த்தக் குளத்துக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்துப் புளியமரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. நாட்டாண்மை கருப்பன் நியாயத்தில் மயிரிழை பிசகாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆடு இரண்டில் ஆளுக்கொன்று, சட்டி நான்கில் ஆளுக்கிரண்டு கொடுத்தார். பாய் ஒன்றுதான் இருந்தது. அதை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். அம்மி சின்னையனுக்கு, குழவி செல்லம்மாளுக்கு. இதில் தப்பு இருப்பதாகக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாப்பாவை வளர்பிறைக்குத் தகப்பனிடமும் தேய்பிறைக்குத் தாயிடமும் ஒப்படைத்தார். எல்லாம் முடிந்தபோது குழந்தையின் பைக்குள் ஒரு அரிச்சுவடி இருந்ததை யாரோ சுட்டிக்காட்டினார்கள். அதையும் பங்கு வைக்காமல் விட்டால் நியாயம் குறைந்துபோகும் என்று கருப்பன் அதை வாங்கினார். முன்பக்கத்து நான்கு தாள்களில் உயிரெழுத்து, பின்பக்கத்து நான்கு தாள்களில் மெய்யெழுத்து, நடுவில் விரித்துப் பார்க்கும்படி ஒரே பெரிய தாளில் உயிர்மெய் இருநூற்றுப் பதினாறும் கட்டம் கட்டி அச்சாகியிருந்தன. கருப்பனுக்குப் படிக்கத் தெரியாது. முன் நான்கைச் சின்னையனிடம் கொடுத்தார், பின் நான்கைச் செல்லம்மாளிடம் கொடுத்தார். நடுத்தாளை யாருக்குக் கொடுப்பது என்று உயர்த்திப் பிடித்து யோசித்துக்கொண்டிருக்கும்போது காற்று அதைப் பறித்துக் குளத்தில் போட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் குளம் அது. ஒரு தாள் உள்ளே போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சில நாட்கள் அங்கே குளித்துக் கரையேறியவர்களின் கணுக்காலில் ஙௌ, ஞூ போன்ற, யாருக்கும் அதிகம் தேவைப்படாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. துடைத்தால் போய்விட்டன.

மறு வருஷம் தை மாதத்தில் செல்லம்மாளை முனிசாமி கட்டிக்கொண்டான். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் அவன். வைகாசியில் சின்னையன் கண்ணகியைக் கட்டிக்கொண்டான். இரண்டு கல்யாணப் பந்தியிலும் பாப்பாவுக்குத்தான் முதல் இலை போட்டார்கள். இரண்டு பள்ளிக்கூடத்திலும் அவள் பெயரைப் பதிந்தார்கள். நெம்மேலியில் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு சி. பாப்பா. செங்கல்பட்டில், மனுவை எழுதிக்கொடுத்தவர் முனிசாமியைத் தகப்பன் என்று நினைத்ததால் மு. பாப்பா. முனிசாமியும் கண்ணகியும் பாப்பாவைக் கடுஞ்சொல் சொன்னவர்கள் அல்லர். நைனா என்றோ சின்னம்மா என்றோ கூப்பிடச் சொல்லி அக்கம்பக்கத்தார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். பாப்பாவுக்கு அந்தச் சொற்கள் வாய்க்கு வரவில்லை. எதிரே போய் நின்று, எப்படியும் கூப்பிடாமலே பேச ஆரம்பிப்பாள். அவர்களும் காத்திருந்து பதில் சொல்வார்கள்.

பேச்சில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்தில்தான். நெம்மேலியில் சாரங்கபாணி வாத்தியார் அம்மா என்று எழுதச் சொன்னால் பலகையில் அ ஆ என்று மட்டும் விழுந்தது. அப்பா என்று எழுதச் சொன்னாலும் அதே அ ஆ. விரலைப் பிடித்து எழுதவைத்தாலும் பலப்பம் நடுவில் வரும் மெய்யை விட்டுவிட்டுத் தாண்டிப்போயிற்று. செங்கல்பட்டில் ரெபேக்காள் டீச்சர் அம்மா எழுதச் சொன்னால் ம் ம். அப்பா எழுதச் சொன்னால் ப் ப். புத்தகத்தைத் திறந்தால் அச்சிலும் அவள் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. ரெபேக்காள் டீச்சர் நெம்மேலிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கார்டு போட்டார்: “அங்கே மெய்யெழுத்து சொல்லித் தருவதில்லையா? ஆண்டவர் சாட்சியாகக் கேட்கிறேன்.” மூன்றாம் நாள் பதில் வந்தது: “இங்கே எல்லாம் சொல்லித் தருகிறோம். தங்கள் ஊரில் உயிரெழுத்துப் பஞ்சமா என்று தெரியப்படுத்தவும். பெருமாள் துணை.” இப்படியே ஒரு வருஷம் கார்டுகள் போய்வந்தன. அதன்பின் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விஷயம் விளங்கிவிட்டதால், மன்னிப்புக் கேட்டு எழுதிய கார்டுகள் வழியில் ஒன்றையொன்று தாண்டிச் சென்றன.

செங்கல்பட்டுக் குழாயடியில் ஒருத்தி வம்புக்கு இழுத்தாள். “இன்னா செல்லம்மா, ரெண்டு வூடு, ரெண்டு இஸ்கோலு. ஒரு எழுத்தாவது வந்துச்சா உம் பொண்ணுக்கு?”

செல்லம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். “படிக்காதவ இல்லடி எம் பொண்ணு. பாதி படிச்சவ. மீதிப் பாதி அங்க கீது. நீ போய் உம் புள்ளைக்கு மூக்கத் தொடச்சி வுடு.”

பாப்பாவின் முழு எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் கண்டவர் பஸ் கண்டக்டர் துரை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் நீலப் பஸ்ஸில் அமாவாசைதோறும் பாப்பா ஏறுவாள். மாமல்லபுரத்தில் இறங்கி மணலோடு நடந்து நெம்மேலி போவாள். பௌர்ணமிதோறும் திரும்பி வருவாள். ஒரு அமாவாசையன்று அவள் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, பஸ்ஸின் முன்னால் மாட்டியிருந்த ஊர்ப்பெயரைப் பார்த்து எழுதினாள். த் ர் க் க் ழ் க் க் ன் ற் ம் என்று வந்தது. எட்டாவது மைல்கல்லைத் தாண்டியதும் பலகையிலிருந்து ஆறு புள்ளிகள் உதிர்ந்து பெஞ்சில் விழுந்து உருண்டன. தி ரு க் க ழு க் கு ன் ற ம் என்று பலகை நிறைந்தது. அவள் தலையை நிமிர்த்தி, பஸ் நின்ற இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் வாசித்தாள். காப்பி கிளப், சைக்கிள் வாடகைக்கு, தர்ம சத்திரம், எச்சில் துப்பாதீர்.

“இன்னா பாப்பா, கடுகு கொட்டிட்டியா?” என்று துரை குனிந்து பொறுக்கினார்.

“கடுகு இல்ல அண்ணாத்த. புள்ளி.”

துரை அவற்றைக் காலி மூக்குப்பொடி டப்பா ஒன்றில் போட்டு மூடினார். பிறருடைய சாமான் எதையும் அவர் குப்பையில் போட்டதில்லை. ஊர் எல்லையைத் தாண்டி அடுத்த பக்கம் பஸ் இறங்கியதும் பலகையில் மெய்கள் மங்கி உயிர்கள் மட்டும் நின்றன. யார் பங்குக்கும் போகாத ஃ மட்டும் எந்த ஊரிலும் இறங்காமல் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. துரையின் காக்கிச் சட்டையில் மூன்று பொத்தான் கூடுதலாக இருந்ததாகப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

அன்று முதல் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அந்தப் பஸ் திருக்கழுக்குன்றத்தில் கால் மணி நேரம் நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று துரை சொன்னார். அதை ஒரு சின்னச் செம்பால் ஊற்றினார்.

ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு அவசரம். “ஏம்ப்பா துரை, ஏரியையே உள்ளே ஊத்திண்டிருக்கியா?”

“வண்டி தாகத்துல கீது சாமி. அதுக்குள்ள உங்க கையில கீற பேப்பர அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் காட்டுங்க. ரொம்பிடும்.”

குமாஸ்தா காட்டினார். அவள் படிப்பதைக் கேட்டுவிட்டு அவர்தான், செம்பு பெரிதாக இருக்கிறது, இன்னும் சின்னது கிடைக்காதா என்று கேட்டார். மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் தலபுராணம் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீசு, கடலை மடித்த காகிதம் எல்லாம் கைமாறி அவளிடம் வந்தன. ஒரு கிழவி, மகன் பட்டாளத்திலிருந்து போட்டு ஒன்பது மாதமாகப் படிக்க ஆளில்லாமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதத்தை அவிழ்த்துக் கொடுத்தாள். பாப்பா அதை வாசித்தபோது பஸ்ஸில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். மகன் சௌக்கியமாக இருந்தான். இரண்டரை வருஷத்தில் பாப்பா முழு எழுத்தில் படித்தது, கூட்டிப் பார்த்தால், பதினைந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தப் பதினைந்து மணியில் அவள் வீணாக்கியது ஒரு நிமிஷமும் இல்லை. இதைச் சொல்லும்போது அந்தப் பஸ்காரர்களுக்கு இன்றும் குரல் ஒரு படி உயரும்.

ஆனால் பள்ளிக்கூடங்கள் பஸ்ஸில் இல்லை. 1953-ஆம் வருஷம் மாசி மாதத்தில் பாப்பா மூன்றாவது தடவையாக ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். அதிலும் தேறாவிட்டால் இரண்டு பள்ளிப் பதிவிலிருந்தும் அவள் பெயரை அடித்துவிடுவது என்று முடிவாயிற்று. சவுக்குத் தோப்பு மேஸ்திரி, பட்டை உரிக்க ஒரு பெண் வேண்டும் என்று சின்னையனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். பரீட்சை நாள் தேய்பிறையில் விழுந்ததால் செங்கல்பட்டில்தான் எழுத வேண்டும். இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து, இந்த ஒரு மாணவிக்கு மட்டும் திருக்கழுக்குன்றம் பஸ் நிற்கும் இடத்தில் பரீட்சை வைக்கும்படி மனுப் போட்டார்கள். “பஸ் நிற்குமிடத்தில் பரீட்சை நடத்த விதிகளில் இடமில்லை” என்று முத்திரையோடு பதில் வந்தது.

நெம்மேலியில் கண்ணகி அந்த வளர்பிறை முழுவதும் பாப்பாவின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கண் கூர்மை. “இது இன்னா?” என்று கேட்டாள். அம்மா என்றாள் பாப்பா. “இது?” அப்பா என்றாள். “ரெண்டும் ஒண்ணாவே கீதே.” “இங்க அப்படித்தான் வருது” என்றாள் பாப்பா. பிறகு, தானாகவே, “இது நீ” என்று சொல்லி அ அ இ என்று எழுதிக் காட்டினாள். கண்ணகியின் பெயரை அதுவரை யாரும் எங்கேயும் எழுதியதில்லை. அவள் அந்தப் பலகையைத் துடைக்கவிடாமல் இரண்டு நாள் மாடத்தில் வைத்திருந்தாள். இதே மாதிரி செங்கல்பட்டில் முனிசாமியிடம் ம் ன் ச் ம் இருந்தது. அவன் அதைக் காகிதத்தில் பார்த்து எழுதி, தலைப்பாகை மடிப்பில் வைத்துக்கொண்டு தண்டவாளம் பார்க்கப் போவான். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் கண்ணகி சின்னையனைக் கேட்டாள். இஸ்கோலு பக்கம் நீ போய் நில்லேன், ரெண்டு பாதியும் ஒரு எடத்துல இருந்தா எழுத்துச் சேருமோ என்னவோ என்று. சின்னையன் வெட்டிய கட்டைமேல் உட்கார்ந்தான். துரும்பு முறித்தாயிற்று என்று மட்டும் சொன்னான். அன்று கோடரி அவன் கையில் சரியாக விழவில்லை. கண்ணகி மறுநாள் காலை கருப்பனின் வீட்டுக்கு நடந்தாள்.

“நாட்டாண்மைக்காரரே, ஒரு நாயம் கேக்க வந்தேன். அவங்க ரெண்டு பேரும் துரும்பு முறிச்சாங்க.”

“முறிச்சாங்க.”

“நானும் அந்த ரயில்காரரும் இன்னா முறிச்சோம்?”

கருப்பன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். “நீங்க எதுக்கு முறிக்கப் போறீங்க? உங்களுக்குள்ள ஒண்ணுமே கெடயாதே.”

“அப்போ நான் அவர் பக்கத்துல போய் ஒக்காந்தா தப்பு இல்லியே.”

கருப்பன் நியாயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓட்டை இல்லை. “இல்ல” என்றார். பிறகு, அரிச்சுவடி விவரத்தை அவளிடம் முழுவதுமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “படிச்சவன் ஒருத்தனக் கேட்டுட்டு கிழிச்சிருக்கணும். போம்மா. நான் அனுப்பினதா சொல்லு” என்றார்.

பரீட்சையன்று முதல் பஸ்ஸில் கண்ணகி வந்து இறங்கினாள். முன்பக்கத்து நான்கு தாள்களைத் துணியில் சுற்றி மார்போடு வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. அதன் ஒரு முனையில் முனிசாமி ஏற்கெனவே லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். பின்பக்கத்து நான்கு தாள்கள் அவன் சட்டைக்குள் இருந்தன. ரெபேக்காள் டீச்சர் வந்தவள் யார் என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கண்ணகி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். இருவரும் பேசவில்லை. பேச மனம் இல்லாமல் அல்ல. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தமிழில் எல்லாருக்கும் ஒரு முறை உண்டு. சம்பந்தி உண்டு, சகலை உண்டு, ஓரகத்தி உண்டு. ஆனால் ஒருத்தியின் புருஷனுடைய பழைய பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டவனுக்கு முறைப்பெயர் வைக்க யாருக்கும் இதுவரை தேவைப்பட்டிருக்கவில்லை. முறைப்பெயர் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதும் இல்லை.

உள்ளே இன்ஸ்பெக்டர் ஏரி என்றார். பாப்பாவின் பலகையில் ர் மட்டும் விழுந்தது. கப்பல் என்றார். க் ப் ப் ல் என்று விழுந்தது. இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே க் ப் ப் ல். பேனாவின் மூடியைத் திறந்து பதிவைத் தன் பக்கம் இழுத்தார். சாரங்கபாணி வாத்தியாரும் லீவில் வந்து வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். ரெபேக்காள் டீச்சரும் அவரும் அவரவர் சாமியை ஒரே சமயத்தில் நினைத்தார்கள். பாப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

வெளியே வெயில் பூவரச இலையைத் தாண்டிக் கண்ணகியின் முகத்தில் விழுந்தது. நாலு மைல் மணலில் நடந்து வந்து பஸ் ஏறியவள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் உதட்டை நனைத்துக்கொள்வதை முனிசாமி பார்த்தான். எழுந்து போய்க் கூஜாவில் தண்ணீர் பிடித்து வந்தான். பிடித்து வந்துவிட்டு நின்றான். தண்ணீர் கொடுக்க வேண்டுமானால் கூப்பிட்டாக வேண்டும். இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தான்.

“தங்கச்சி, குடிம்மா. காலங்காத்தால கெளம்பினவ.”

“குடு அண்ணாத்த” என்றாள் கண்ணகி.

உள்ளே பலகையிலிருந்து மூன்று புள்ளிகள் உதிர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் இன்ஸ்பெக்டருக்குக் கேட்டது. கப்பல் என்று பலகையில் இருந்தது. அதற்கு மேலே ஏரி நிறைந்திருந்தது. அவர் பேனாவை மூடிவிட்டு இன்னும் பத்துச் சொல் சொன்னார். அவள் பத்தும் எழுதினாள். ஒன்றாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தார், வாசித்தாள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. புத்தகம் தீர்ந்துபோனதால் கோப்பில் மேலாக இருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். “பஸ் நிற்குமிடத்தில் பரீட்சை நடத்த விதிகளில் இடமில்லை” என்று தொடங்கி, தேதி, இலாகா, கையொப்பம்வரை அவள் தடையில்லாமல் வாசித்து முடித்தாள். இன்ஸ்பெக்டர் பதிவில், மாணவியை நான்காம் வகுப்பில் சேர்க்கலாம் என்றும், வகுப்பறையில் காற்றோட்டம் போதாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பாப்பா பலகையோடு வெளியே ஓடி வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முனிசாமி என்று எழுதினாள். கண்ணகி என்று எழுதினாள். கண்ணகி கடைசி எழுத்தின் தலையில் இருந்த சுழியைத் தொட்டுப் பார்த்து, “இதான் எங்கூர்ல இருந்துச்சி, சுழிச்சிக்கினு. எனக்குத் தெரியுது” என்றாள். முனிசாமி தன் பெயரின் மேல் வரிசையாக இருந்த புள்ளிகளைக் காணோமே என்று தேடினான். அதெல்லாம் போச்சி மாமா என்றாள் பாப்பா. தாய் முறையான கண்ணகிக்கு அண்ணன் என்றால் பாப்பாவுக்கு அவன் மாமா. தகப்பன் முறையான முனிசாமிக்குத் தங்கை என்றால் அவள் அத்தை. இரண்டரை வருஷமாக வாய்க்கு வராத முறை அந்த ஒரு கூஜாத் தண்ணீரில் வந்துவிட்டது. ஆண்டவன் பெரிய வேலைகளை இப்படித்தான் கைக்கு எட்டும் பாத்திரத்தில் ஊற்றி வைக்கிறான்.

அன்று சாயங்காலம் கண்ணகி பஸ் ஏறப் போகும்போது செல்லம்மா வந்தாள். துரும்பு முறித்த வீட்டைச் சேர்ந்தவள் என்பதால் நிழல் படாமல் பத்தடி தள்ளி நின்றாள். தூக்கி வந்ததைத் தரையில் வைத்துவிட்டு, “அம்மி அங்க சும்மாக் கெடக்கும். எடுத்துனு போ. இத்தினி வருஷம் இன்னாத்த அரைச்சீங்களோ” என்றாள். குழவி அது. கண்ணகி அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு நெம்மேலிவரை வந்தாள். சின்னையன் அதை அம்மிமேல் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. மறு பௌர்ணமிக்குப் பாப்பாவிடம் ஒரு கூடை கருவாடு கொடுத்தனுப்பினான். யாருக்கு என்று அவன் சொல்லவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பரீட்சைக்கும் அண்ணனும் தங்கையும் அந்தப் பெஞ்சுக்கு வந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஆறில் தெருவின் இரு முனைகளில் நின்றாலும் போதுமாயிருந்தது. ஏழாம் வகுப்புப் பரீட்சையன்று முனிசாமிக்கு லீவு கிடைக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தண்டவாளத்தில் நின்றுகொண்டு, பத்து மணிக்கு, தங்கச்சி தண்ணி குடிச்சிருப்பாளா என்று நினைத்துக்கொண்டான். அது போதுமானதாக இருந்தது. வேறு தெருக்களிலிருந்தும், இரண்டு வீடாகிப்போன பெற்றோரின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜனங்கள் வந்து பெஞ்சைக் கேட்டார்கள். ரெபேக்காள் டீச்சர் இன்னொரு பெஞ்சு போடச் சொன்னார். பெஞ்சு முக்கியமில்லை, தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று எல்லாரிடமும் சொன்னார்.

1958-இல் எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சைக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்யும்போது முதலெழுத்து சி.யா மு.வா என்று கேள்வி வந்தது. ஒரு பெண்ணுக்கு இரண்டு இருக்க முடியாது. மு. போடட்டும், அங்கேதான் பாதிச் சோறு தின்றது என்று சின்னையன் சொல்லியனுப்பினான். சி. தான் முறை, பெற்றவன் பெயர் போகக் கூடாது என்று முனிசாமி சொல்லியனுப்பினான். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தார்கள். துரைதான் இரண்டு பக்கத்துச் சேதியையும் பஸ்ஸில் ஏற்றி இறக்கினார். கடைசி நாளன்று ரெபேக்காள் டீச்சர் சி.மு. பாப்பா என்று எழுதிவிட்டார்.

“கி.மு. மாதிரி கீதே டீச்சர்” என்றார் துரை.

“இருக்கட்டுமே. இந்த ஜனத்தில் இவளுக்கு முன்னாலே, இவளுக்குப் பின்னாலே என்று கணக்குச் சொல்ல உதவும்” என்றார் டீச்சர்.

பாப்பா ஜில்லாவில் நல்ல மார்க்கோடு தேறினாள். தேறியவர் பட்டியலை நெம்மேலியில், இதற்குள் பாப்பாவிடம் எழுத்துக் கற்றிருந்த கண்ணகியே எழுத்துக் கூட்டி வாசித்தாள். சின்னையன் தோப்பில் அன்று ஒரு மரமும் வெட்டவில்லை. செங்கல்பட்டில் குழாயடிக்காரி தன் மகளைக் கூட்டிக்கொண்டு செல்லம்மாளிடம் வந்து, இவளையும் எந்த இஸ்கோல்ல போடலாம் என்று கேட்டாள்.

மறு வருஷம் பாப்பா ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்து, பயிற்சி வகுப்பு நடத்தப் போனாள். முதல் நாள் நீலப் பஸ்ஸில் துரை அந்த மூக்குப்பொடி டப்பாவை அவளிடம் கொடுத்தார். ஒன்பது வருஷத்துப் புள்ளிகள் அதில் முக்கால் டப்பா இருந்தன. “உன் சாமான் உங்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

அன்று வகுப்பில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அமமா என்று எழுதிவிட்டுப் பலகையை நீட்டினாள். பாப்பா டீச்சர் டப்பாவைத் திறந்து, ஒரு புள்ளியை விரல் நுனியில் ஒட்டி எடுத்து, நடுவில் இருந்த மகரத்தின் தலையில் வைத்தாள். அது அங்கேயே நின்றது. அந்தப் பெண் திருப்தியாகப் பலகையை வாங்கிக்கொண்டு அடுத்த வரியில் அப்பா என்று எழுத ஆரம்பித்தாள்.